கேஸ் தீர்ந்துபோவதில்லை, கசிகிறது

கேள்வி: நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியை. ஓசோன் பாடம் வரும்போதெல்லாம், 'சிஎஃப்சி வாயுக்களைத் தடை செய்தார்கள், மாற்று வாயுக்கள் வந்தன, ஓசோன் படலம் தேறி வருகிறது' என்று மகிழ்ச்சியாகத்தான் முடிப்பேன். போன மாதம் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அந்த மாற்று வாயு கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குமாமே? அப்போ ஒரு தப்பைத் திருத்த இன்னொரு தப்பைச் செய்துவிட்டார்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டிலும் இதே சிக்கல்தான். எங்கள் ஏசிக்குப் பதினோரு வயது. ஆர்-22 என்று அதில் எழுதியிருக்கிறது. மூன்று வருடத்தில் இரண்டு முறை கேஸ் தீர்ந்துபோய் நிரப்பினோம். இப்போது மறுபடியும் குளிரவில்லை. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'ஓசோனுக்குப் பாதுகாப்பானது' என்று ஸ்டிக்கர் ஒட்டிய புதியது வாங்கலாம் என்கிறான் மகன். ஓடுகிறவரை ஓடட்டும் என்கிறார் கணவர். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது தவறா? வீட்டில் யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் 'கேஸ் தீர்ந்துபோய்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் குளிர்பதனத் தொழிலில் இருக்கிறேன். இந்த வார்த்தையைக் கேட்காத வாரமே கிடையாது. உங்கள் வீட்டுக் கேள்விக்கு மட்டுமல்ல, மாணவியின் கேள்விக்கும் பாதி விடை அதற்குள் இருக்கிறது. ஆனால் அவள் ஒரு மாதமாகக் காத்திருக்கிறாள். அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தது தவறில்லை. கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஓசோனைத் தின்பது குளோரின். சிஎஃப்சி, அதாவது குளோரினும் ஃப்ளூரினும் கார்பனும் சேர்ந்த பழைய குளிர்பதன வாயு, தரைக்குப் பக்கத்தில் எதனோடும் வினைபுரியாது, மழையில் கரைந்து இறங்குவதும் இல்லை. அதனால் பல வருடங்களில் மெல்ல மெல்ல, ஓசோன் படலம் இருக்கும் ஸ்ட்ரேட்டோஸ்பியர் என்ற மேல் அடுக்கு வரை ஏறிவிடுகிறது. அங்கே புற ஊதாக் கதிர் அதை உடைக்கிறது, குளோரின் அணு தனியாக வெளியே வருகிறது. அந்த ஒரே ஓர் அணு, தான் அடங்குவதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழித்துவிடும். 1974-இல் மாரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எச்சரித்தது இதைத்தான்.

வெப்பத்தைப் பிடித்துவைப்பது வேறு வேலை. பூமி தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே அனுப்புகிறது. நீராவியும் கரியமில வாயுவும் அதில் பல அலைநீளங்களை மறித்துக்கொள்கின்றன. ஆனால் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான பகுதி பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. மற்றக் கதவுகளெல்லாம் சாத்தியிருக்கும் வீட்டில் காற்றுக்காகத் திறந்து வைத்த ஒரே ஜன்னல் மாதிரி அது. கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்த பிணைப்பு உறிஞ்சுவது சரியாக அந்த அலைநீளங்களைத்தான். அதனால்தான் ஃப்ளூரின் உள்ள வாயு துளியளவு சேர்ந்தாலும் ஜன்னலில் கனத்த திரை போட்டதாகிவிடுகிறது.

இப்போது மாணவியிடம் இரண்டு வாயுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். சிஎஃப்சி-யில் குளோரினும் உண்டு, ஃப்ளூரினும் உண்டு. அது இரண்டு கேட்டையும் செய்தது. மாற்றாக வந்த எச்எஃப்சி-யில் குளோரின் இல்லை, ஆகவே ஓசோன் தப்பித்தது. ஃப்ளூரின் மட்டும் அப்படியே இருக்கிறது, ஆகவே சூடு தொடர்கிறது. அவள் படித்தது உண்மைதான்.

ஆனால் 'ஆயிரம் மடங்கு' என்று கேட்டவுடன், அதற்கு முன்னால் எத்தனை மடங்கு இருந்தது என்றும் கேட்க வேண்டும். அங்கேதான் கதை திரும்புகிறது. பழைய ஃப்ரிட்ஜ்களிலும் கார்களிலும் இருந்த சிஎஃப்சி-12, கிலோவுக்குக் கிலோ, நூறு வருடக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் 10,900 மடங்கு சூடாக்கும். அதன் இடத்துக்கு வந்த எச்எஃப்சி-134ஏ 1,430 மடங்கு. சிஎஃப்சி-12 காற்றில் நூறு வருடம் போல நிற்கும், 134ஏ பதினாலு வருடம் போல. காரணம் எளிது. எச்எஃப்சி-யில் ஹைட்ரஜன் இருப்பதால் காற்றிலேயே அது சிதைந்துபோகிறது. ஆக, அந்த மாற்றத்தில் ஓசோனும் பிழைத்தது, சூட்டுச் சுமையும் ஏழில் ஒரு பங்குக்குக் குறைந்தது. இதைத் 'தப்பைத் திருத்த இன்னொரு தப்பு' என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று, இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். சிஎஃப்சி பூமியைச் சூடாக்கும் என்று 1975-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் வீரபத்ரன் ராமநாதன். இளமையில் ஒரு குளிர்பதனத் தொழிற்சாலையில் பொறியாளராக வேலை பார்த்தவர். அதுவரை பருவநிலை என்றால் எல்லோரும் கரியமில வாயுவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிர்பெட்டியிலிருந்து கசியும் வாயுவுக்கும் அதில் பங்குண்டு என்று தெரியவந்தது அவரால். 1987-இல் சிஎஃப்சி-யைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பேச்சு முழுக்க ஓசோனைப் பற்றியே இருந்தது. ஆனால் அந்த ஒப்பந்தம் பருவநிலைக்குச் செய்த நன்மை, பருவநிலைக்கென்றே போட்ட கியோட்டோ ஒப்பந்தத்தின் முதல் கட்ட இலக்கைவிட மிகப் பெரியது என்று 2007-இல் ஒரு ஆய்வுக் குழு கணக்கிட்டுக் காட்டியது. அன்று சிஎஃப்சி-யை நிறுத்தாமல் விட்டிருந்தால் இன்று ஓசோனைப் பற்றி மட்டுமல்ல, இன்னும் கடுமையான வெப்பத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம்.

பிள்ளைகளிடம் பரவலாக இருக்கும் ஒரு குழப்பத்தையும் இந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம். 'ஓசோனில் ஓட்டை விழுந்ததால் வெயில் உள்ளே வந்து பூமி சூடாகிறது' என்று எழுதுவார்கள். அப்படி இல்லை. ஓட்டை வழியாகக் கூடுதலாக வருவது புற ஊதாக் கதிர். தோலுக்கும் கண்ணுக்கும் பயிருக்கும்தான் அது கேடு. ஓசோனே ஒரு வெப்பம் பிடிக்கும் வாயு என்பதால், அது குறைவது பூமியைக் கொஞ்சம் குளிர்விக்கத்தான் செய்யும். சூடாக்குவது, ஓட்டை போட்ட அந்த வாயுவேதான், தன்னுடைய இன்னொரு குணத்தால்.

சரி, மாணவி எங்கே சரி? உங்கள் ஏசி விஷயத்தில். ஏசிகளில் பல காலம் இருந்தது ஆர்-22. அது எச்சிஎஃப்சி வகை. கொஞ்சம் குளோரின் உண்டு, ஓசோனுக்கு ஓரளவு கேடு. சூடாக்கும் அளவு 1,810 மடங்கு. அதற்கு மாற்று என்று உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது ஆர்-410ஏ. குளோரின் துளியும் இல்லை. ஆனால் சூடாக்கும் அளவு 2,088. ஓசோனுக்கு நல்லது, வெப்பக் கணக்கில் ஒரு படி மோசம். 'ஓசோனுக்குப் பாதுகாப்பானது' என்ற ஸ்டிக்கர் அதன் மேலும் ஒட்டப்பட்டது. ஸ்டிக்கரில் பொய் ஒன்றும் இல்லை, பாதிதான் இருக்கிறது. உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

உலக நாடுகள் இதைக் கவனிக்காமல் இல்லை. 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடி, மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குள்ளேயே எச்எஃப்சி-யையும் கொண்டுவந்தார்கள். ஓசோனைத் தொடாத ஒரு வாயுவை, ஓசோனுக்காகப் போட்ட ஒப்பந்தம் வெப்பத்துக்காகக் கட்டுப்படுத்துகிறது. 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2040-களின் பிற்பகுதிக்குள் எச்எஃப்சி பயன்பாட்டை 80 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டும். ஒழுங்காக நடந்தால் இந்த நூற்றாண்டின் இறுதியில் அரை டிகிரி வரை வெப்பம் மிச்சம். அண்டார்க்டிகா மேலிருக்கும் ஓட்டை 2066 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்பது அண்மைய மதிப்பீடு. ஆகவே பாடத்தை நீங்கள் மகிழ்ச்சியாகவே முடிக்கலாம். 'இரண்டாம் பாதி இப்போது நடந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அந்த இரண்டாம் பாதி எங்கே நடக்கிறது? உங்கள் வீட்டு வெளிச்சுவரில், அவுட்டோர் யூனிட்டுக்குள்.

ஒப்பந்தங்கள் கட்டுப்படுத்துவது வாயுவின் உற்பத்தியையும் பயன்பாட்டையும். ஏற்கெனவே கருவிகளுக்குள் அடைபட்டிருக்கும் வாயுவை அவை தொடுவதில்லை. அது உள்ளேயே இருக்கிறவரை ஓசோனுக்கும் கேடில்லை, வெப்பமும் இல்லை. வெளியே வந்தால்தான் எல்லாமே. அதனால்தான் 'தீர்ந்துபோய்' என்ற வார்த்தையில் நின்றேன். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. ஒரே வாயு கம்ப்ரசருக்கும் காயிலுக்கும் இடையே மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருகிறது. குழாய் இறுக்கமாக இருந்தால் இருபது வருடமானாலும் ஒரு கிராம்கூட நிரப்ப வேண்டியதில்லை. குறைந்தது என்றால் எங்கோ கசிந்து காற்றில் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் ஏசியில் ஒரு கிலோ அளவுக்கு ஆர்-22 இருக்கும். சரியான அளவு பக்கவாட்டுத் தகட்டிலேயே அச்சடித்திருக்கும். ஒவ்வொரு முறையும் அரைக் கிலோ போயிருந்தால், அது 905 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ வரும். அப்படியானால் ஒரு தடவை கசிந்தது 390 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். வீட்டில் யாரும் எங்கும் போகாமலே. இரண்டு தடவை ஆகிவிட்டது, இப்போது மூன்றாவது.

இதைக் குற்றம் சொல்லும் குரலில் எழுதவில்லை, டீச்சர். எனக்கு அந்த உரிமை கிடையாது. தொழில் பழகிய நாட்களில் ஒரு பட்டறையில் இருந்தேன். பழைய இயந்திரம் வந்தால் முதல் வேலை, வால்வைத் திறந்து கேஸை வெளியே விடுவது. சீறிக்கொண்டு வரும், வெள்ளையாகப் புகை மாதிரி பரவும், வால்வின் பித்தளை மேல் கண்ணெதிரே உறைபனி படியும். பார்க்க அழகாக இருக்கும். வாசனை கிடையாது, மூச்சு முட்டாது, துணியில் கறை படாது. கேடு செய்கிறோம் என்று உடம்புக்குத் தெரிவதற்கு ஒரு வழியும் இல்லை. அன்று நான் திறந்துவிட்டதெல்லாம் சிஎஃப்சி-12. அதன் பெரும்பகுதி இன்னமும் மேலேதான் இருக்கிறது. அதனால்தான் இன்று எங்கே பயிற்சி கொடுத்தாலும் முதல் நாள் முதல் பாடமாக ரெக்கவரி மெஷினைக் கையில் கொடுக்கிறேன். பழைய வாயுவைச் சிலிண்டருக்குள் இழுத்து அடைக்கும் சாதனம் அது.

இப்போது உங்கள் ஏசி. முதலில், குளிரவில்லை என்றாலே கேஸ் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம், அவுட்டோர் காயில் அழுக்கேறியிருக்கலாம், கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் நேராக கேஸ் சிலிண்டரைத் தூக்கிவருகிறவரிடம் கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லத் தயங்காதீர்கள். கேஸ்தான் குறைந்திருக்கிறது என்றால், கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஒரு கிராம்கூட நிரப்ப விடாதீர்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஓட்டைப் பானையில் மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றுவது போலத்தான் அது. இங்கே ஊற்றுவது தண்ணீர்கூட இல்லை.

கசிவைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை கிடையாது. அவுட்டோர் யூனிட்டில் இரண்டு செப்புக் குழாய்கள் வந்து நட்டில் முடியும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற இடங்களில் தூசி காய்ந்து கிடக்கும். ஒரு நட்டைச் சுற்றி மட்டும் தூசி பிசுபிசுப்பாகக் கறுத்திருந்தால் அங்கேதான் கசிவு இருக்கும். வாயுவோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வருவதால் அந்தப் பிசுக்கு. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நட்டைத் தொட வேண்டாம். மெக்கானிக் வந்து, மிச்சமிருக்கும் ஆர்-22-ஐச் சிலிண்டருக்குள் இழுத்துக்கொண்டு, குழாயில் நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். கசியும் இடத்தில் குமிழி பூக்கும்.

கசிவு நட்டிலோ வால்விலோ இருந்தால் கணவர் சொல்வதுதான் சரி. மூட்டைச் சரிசெய்து, வேக்கம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, தகட்டில் எழுதியிருக்கும் எடையைத் தராசில் வைத்து நிரப்பி ஓட்டுங்கள். அழுத்தத்தை மட்டும் பார்த்து உத்தேசமாக நிரப்புவது வேண்டாம். உள்ளிருக்கும் காயிலே அரித்துப் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருந்தால் மகன் சொல்வது சரி. பதினோரு வயது இயந்திரத்தில் ஒன்றை அடைத்தால் அடுத்தது திறக்கும். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், மூன்று வருடத்தில் மூன்று தடவை என்பது காயில் பக்கம்தான் கை காட்டுகிறது. ஆனாலும் நைட்ரஜன் சோதனை சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்கை. 'ஆர்-22 இனிக் கிடைப்பது கஷ்டம், அதே மெஷினில் ஆர்-290 போட்டுவிடலாம், நன்றாகக் குளிரும்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆர்-290 என்பது புரொப்பேன், அடுப்பு எரிவாயு இனம். அதற்கென்றே வடிவமைத்த ஏசியில் அது அருமையான வாயு. ஆர்-22-க்காகச் செய்த இயந்திரத்தில், கசிகிற காயிலில், அதை அடைப்பது தீ விபத்தை வீட்டுக்குள் கூப்பிடுவது. வாயு நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த இயந்திரத்தில் என்றும் கேட்க வேண்டும்.

புதியது வாங்கும் நிலை வந்தால் ஸ்டிக்கரை விட்டுவிட்டுத் தகட்டைப் படியுங்கள். வாயுவின் பெயரும் எடையும் அதில் இருக்கும். ஆர்-290 என்றால் சூடாக்கும் அளவு 3-க்கு மேல் போகாது. 350 கிராம் முழுதும் கசிந்தாலும் ஒரு கிலோ கரியமில வாயு அளவுதான். எரியக்கூடியது என்பதால் அறையின் அளவுக்கேற்ப எவ்வளவு இருக்கலாம் என்று பாதுகாப்பு வரம்பு உண்டு. அதற்கென்று பயிற்சி பெற்றவர்தான் பொருத்த வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஆர்-32. 675 மடங்கு, அதாவது 410ஏ-இல் மூன்றில் ஒரு பங்கு. லேசாக எரியும் தன்மை இதற்கும் உண்டு. இது முடிவான தீர்வு என்று நான் நினைக்கவில்லை. ஐந்து வருடம் போலத்தான் காற்றில் நிற்கும், ஆனால் அந்தக் காலத்தில் வேகமாகச் சூடாக்கும். இருபது வருடக் கணக்கில் பார்த்தால் அதே ஆர்-32 2,330 மடங்கு. ஆகவே கசியாத பொருத்துதல் இதற்கும் அவசியம். ஆர்-410ஏ-ஐ இனி வாங்க வேண்டாம்.

அப்புறம் மின்சாரம். கசியாத ஏசியில், அது ஆயுள் முழுக்கக் குடிக்கும் மின்சாரத்தால் வரும் புகைதான் பெரும்பாலும் வாயுவைவிடப் பெரிய சுமை. அறைக்குத் தேவையான அளவில், திறன் மிகுந்த இன்வெர்ட்டர் ஏசியாகப் பாருங்கள். பெரியதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது தவறு.

பழையதை என்ன செய்வது என்பதை மகன் யோசித்திருக்க மாட்டான். பலரும் யோசிப்பதில்லை. கழற்றும்போது கட்டரை வைத்துக் குழாயை வெட்டினால், மிச்சமிருக்கும் ஆர்-22 அத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். முதலில் ரெக்கவரி சிலிண்டருக்கு, பிறகுதான் கட்டர். பழைய உலோகத்துக்கு எடுப்பவரிடம் கொடுப்பதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். வீட்டிலோ உறவிலோ 1990-களுக்கு முந்தைய ஃப்ரிட்ஜ் இருந்தால் அதிலும் கவனம். அதன் சுவருக்குள் இருக்கும் நுரையில் சிஎஃப்சி-11 அடைபட்டிருக்கலாம், உடைத்து நொறுக்கினால் வெளியேறும். இப்போதைய ஃப்ரிட்ஜைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலும் ஆர்-290 போலவே சூடாக்கும் அளவு மிகக் குறைந்த ஆர்-600ஏ, அதுவும் சில பத்துக் கிராம்தான்.

சிஎஃப்சி-11 பற்றி மாணவிக்கு ஒரு துணுக்கு. உலகம் முழுக்க உற்பத்தியை நிறுத்திய பிறகும், 2012-க்குப் பின் அதன் வெளியேற்றம் கூடுகிறது என்று தொலைதூரத்துக் கண்காணிப்பு நிலையங்களின் அளவுகளை வைத்து 2018-இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அடுத்த வருடமே, அந்த உயர்வில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று தடம் பிடித்தார்கள். அதன் பிறகு அளவு இறங்கியது. காற்றில் கலந்ததை ஒளித்துவைக்க முடியாது என்று அவளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வாசிப்பவர்களில் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பயன்படுத்துகிறவர்கள் இருப்பீர்கள். அதில் மருந்தைத் தள்ளும் வாயு பல சமயம் எச்எஃப்சி-தான். அதற்காக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். பொடி வடிவ இன்ஹேலர் உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம், அவ்வளவே.

டீச்சர், அடுத்த முறை மெக்கானிக் வரும்போது அவர் வண்டியிலிருந்து முதலில் எந்தச் சிலிண்டரை இறக்குகிறார் என்று கவனியுங்கள். ஆர்-22 என்றால் கசிவுச் சோதனை எங்கே என்று கேளுங்கள். ரெக்கவரி மெஷினும் நைட்ரஜனும் முதலில் இறங்கினால், சோப்பு நுரையில் குமிழி எந்த இடத்தில் பூக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து எனக்கு எழுதுங்கள். முடிந்தால் அந்த மாணவியையும் பார்க்கச் சொல்லுங்கள்.